ஒருவர் குறைகிற வாசல்

ஜனவரி 9

பூங்கா வாசல் பொறுப்பாளர் அவர்களுக்கு,

மேலே 'அண்ணி' என்றுதான் முதலில் எழுதினேன். கைப்பழக்கம். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். இது அலுவலகக் கடிதம். உங்கள் குரலை இனிக் கேட்க மாட்டேன் என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் சொன்னேன். இன்றும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறேன். அதனால்தான் போனில் முடிகிற வேலைக்குத் தபால்.

பூங்காவுக்கு அடுத்த பத்து வருடத்துக்கான திட்டம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எந்த இடத்தில் ஜனங்கள் நடக்கலாம், உட்காரலாம், பிள்ளைகள் விளையாடலாம், எந்த இடத்தை மரத்துக்கும் பறவைக்கும் விட்டுவிட வேண்டும் என்று வரைபடத்தில் பிரிக்க வேண்டும். ஜனங்களுக்கு மஞ்சள், மரங்களுக்குப் பச்சை, யாரும் கால் வைக்கக் கூடாத இடத்துக்குச் சிவப்பு. எந்த நிறம் போட்டாலும் மேலே இருப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

அதற்காக உங்கள் வாசல் தாள்களை எடுத்தேன். ஒரே வாசல், சுற்றிலும் சுவர். உள்ளே எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேர் சாயங்காலம் வெளியே வந்திருக்க வேண்டும். உங்கள் தாளில் தினமும் ஒருவர் குறைகிறார். 412 போனால் 411. மழை நாளில் 9 போனால் 8. மூன்று வருடத் தாள்களைப் புரட்டிவிட்டேன். ஒரு நாளாவது இரண்டு குறைய வேண்டாமா? ஒரு நாளாவது சமமாக இருக்க வேண்டாமா? இதை நான் மேலதிகாரி முன்னால் வைத்தால் அவர் என்னைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

தாள்களைத் திருத்தி அனுப்பவும்.

இன்னொன்று. பூங்காவின் கோடியில் இருக்கும் பெரிய குளத்தைத் தூர்வாரி ஆழப்படுத்தி, மிதிபடகு விடலாம் என்று யோசனை இருக்கிறது. கரை எப்படி, சேறு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும்.

இப்படிக்கு,
திட்ட அலுவலர்


ஜனவரி 15

பாப்பாவுக்கு,

நீ ஊருக்கு அதிகாரியாக இரு. எனக்குப் பாப்பாதான். நான் உங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, பல் விழுந்த வாயோடு என் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு "இது யாரு? எப்பப் போகும்?" என்று உன் அண்ணனிடம் கேட்டவள் நீ. அந்த வாய்தான் இன்று 'திருத்தி அனுப்பவும்' என்கிறது.

திருத்த மாட்டேன்.

என் அறை உனக்கு மறந்திருக்கும். இரண்டு படி கீழே இறங்கி உள்ளே போக வேண்டும். எவன் கட்டினானோ, நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னலில் எனக்குத் தெரிவது வருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான். முகம் பார்க்க வேண்டுமானால் குனிந்து, கழுத்தைத் திருப்பி, ஆமை மாதிரி வெளியே நீட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நான் கால்களைத்தான் எண்ணுகிறேன். வலது கையில் ஒரு எண்ணி, இடது கையில் ஒரு எண்ணி. கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று கூடும், அவ்வளவுதான் அந்த மெஷின். உள்ளே போனால் வலது, வெளியே வந்தால் இடது. காலை நடைக்கு வரும் ஒருவரிடம் "உங்க இடது குதிகால் மட்டும் தேயுது, இடுப்பைக் காட்டுங்க" என்று சொன்னேன். டாக்டரும் அதையே சொன்னாராம். அன்றிலிருந்து நடைக்காரர்கள் எனக்குச் செருப்பு டீச்சர் என்று பேர் வைத்துவிட்டார்கள். முகம் ஆயிரம் பொய் சொல்லும், கால் சொல்லாது.

ஒருவர் குறைகிறார் என்று எழுதியிருந்தால் ஒருவர் குறைகிறார். முன்பு சுவர் இடிந்து கிடந்தது, ஏறிக் குதிக்கிறவர்கள் இருந்தார்கள். இப்போது அதையும் எடுத்துக் கட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

குளத்தைத் தொடாதே. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் சேறு. ஆள் உயரக் கழியை ஊன்றினால் கழி முழுசும் போகும். கரை மரத்தில் நாரையும் நீர்க்காகமும், நாணலுக்குள் நீர்க்கோழியும் கூடு கட்டுகின்றன. அதுகள் பாட்டுக்கு அதுகள் இருக்கட்டும். படகு விட உனக்கு வேறு தண்ணீரே கிடைக்கவில்லையா?

அத்தை போய்ச் சேர்ந்தது எனக்கு இருபது நாள் கழித்துத் தபால்காரர் சொல்லித் தெரிந்தது. நீ சொல்லவில்லை. அதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணி
(நீ கிழித்தாலும்)


ஜனவரி 24

அண்ணி,

சரி, எழுதிவிட்டேன். அதை வைத்து மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

குளத்தைத் தொடாதே என்று சொல்வது நீங்கள் ஒருத்திதான். நடைக்காரர் சங்கம் குளத்தைச் சுற்றிப் பாதை கேட்கிறது. படகு விட வரும் ஆள் வாரத்துக்கு இரண்டு தரம் என் மேசை முன்னால் வந்து உட்காருகிறார். "மேடம், தண்ணி சும்மா கெடக்கு, ஜனங்களும் சும்மா கெடக்கறாங்க. ரெண்டையும் சேர்த்து வைக்கற புண்ணியத்த எனக்குக் குடுங்க" என்கிறார். சிரித்துவிட்டேன். அவர் பேச்சுக்கு எதிராக நான் என்ன சொல்வது? வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா வேண்டாம் என்கிறார் என்றா? எனக்குக் காரணம் வேண்டும் அண்ணி. எண்ணிக்கையோடு, தாளில்.

வாசல் கணக்கைச் சரிபார்க்க எங்கள் அலுவலக அளவுக்காரரை ஒரு வாரம் அனுப்புகிறேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிற மனிதர், யாருக்கும் பயப்பட மாட்டார், உங்களுக்கும்கூட. அவரும் தனியாக எண்ணுவார்.

அம்மா போனதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்ளலாம் என்றார். "உங்கம்மா இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் இருக்க மாட்டேன்" என்றீர்கள். "நீ எதுக்குப் போற, நானே போறேன்" என்று அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இது நீங்களே என்னிடம் சொன்னதுதான். போனவர் போனவர்தான். அதற்கப்புறம் ஒன்பது வருடம் அம்மா என் வீட்டில் தாழ்ப்பாள் போடாத கதவுக்குப் பக்கத்தில் படுத்தாள். நான் போட்டோவை எடுத்துக்கொண்டு போகாத பேருந்து நிலையம் இல்லை, ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. பூங்காவுக்குள் தேடிப் பார்க்கலாமா என்று அன்று போலீஸ்காரர் கேட்டபோது உங்கள் தாளை எடுத்துக் காட்டியதும் நான்தான். "உள்ள போனவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார். எங்க அண்ணி கணக்கு தப்பாது" என்றேன்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பாப்பா என்று கூப்பிட வேண்டாம். எனக்கு நாற்பத்தாறு வயது.


பிப்ரவரி 10

பாப்பாவுக்கு,

அளவுக்காரர் வந்தார், இருந்தார், போனார். அறிக்கை உனக்கு வரும். அதில் அவர் எழுதாததை நான் எழுதுகிறேன்.

வாசலுக்கு எதிரே, மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்கு முழு ஆளும் தெரியும். முதல் நாள் சாயங்காலம் என் கணக்கு 388க்கு 387. அவர் கணக்கும் அதேதான். "எவனோ சுவர் ஏறிப் போறாம்மா. நாளைக்குப் பிடிச்சுக் குடுத்துட்டு ஒரு டீ வாங்கிக் குடிக்கறேன் உங்க கையால" என்றார். மறுநாள் சுவரை ஒட்டி உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புத் தூள் போட்டார். யார் ஏறினாலும் அடி தெரியும் என்று. மூன்று நாள் அணில் அடிதான் தெரிந்தது. கணக்கு ஒன்று குறைவு, ஒன்று குறைவு, ஒன்று குறைவு. நாலாம் நாள் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் நாள் மதியத்தில் தூறல். பூங்காவில் ஈ காக்கை இல்லை. மூன்றரை மணி இருக்கும், நான் வலது கையை அமுக்கினேன். எதிரே அவர் கையும் அமுங்கியது, சத்தம் கேட்டது. எழுந்து வந்து ஜன்னல் பக்கத்தில் குனிந்தார்.

"யாரும்மா இப்ப உள்ள போனது?"

"நீங்கதானே முழு ஆளையும் பாக்கறீங்க."

"நான் யாரையும் பாக்கலம்மா."

"அப்ப ஏன் அமுக்குனீங்க?"

தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியல. அதுவா அமுக்கிடுச்சு. நீங்க?"

"நான் காலைப் பாத்தேன்."

"யார் காலு?"

"நான் தலையத் தூக்கலைங்க" என்றேன்.

ஆறாம் நாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வந்துவிட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவர் பேத்தி படிப்பைப் பற்றியே சாயங்காலம் வரை பேசினார். நானும் கேட்டுக்கொண்டேன். அவர்மேல் கோபப்படாதே.

காரணம் கேட்டாய். கூடவே வைத்திருக்கிறேன். தூரக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவாரே பறவைக்காரர், அவரோடு பதினான்கு நாள் விடிந்ததும் போய் எண்ணினேன். நாரைக் கூடு 63, நீர்க்காகம் 41, நாணலுக்குள் நீர்க்கோழி 29. எந்த மரம், எத்தனை முட்டை, எந்தப் பக்கம் என்று அவரே படம் போட்டிருக்கிறார். மிதிபடகு போனால் அலை போய் நாணலில் அடிக்கும், நீர்க்கோழிக் கூடு மிதக்கிற கூடு, கவிழ்ந்துவிடும் என்கிறார். நீ கேட்டபடியே எண்ணிக்கையோடு, தாளில்.

அத்தையைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

போன வாரம் பொதுக்கூட்டம் நடந்தது. உங்கள் பறவைக்கூட்டுக் கணக்கைப் பெரிதாக எழுதி மாட்டினேன். படகுக்காரர் எழுந்து, "பறவைக்கு ரெக்க இருக்கு மேடம், வேற எடத்துக்குப் போகும். ஜனங்க எங்க போவாங்க?" என்றார். கூட்டம் கை தட்டியது. அப்போது பறவைக்காரர் எழுந்தார். சின்னக் குரல். "முட்டைக்கு ரெக்க இல்லீங்களே" என்றார். அவ்வளவுதான், கைதட்டல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நடைக்காரர்களுக்குத் தென்புறத் தோப்பில் பாதை. பிள்ளைகளுக்கு வாசல் பக்கத்து மைதானம். குளமும் அதைச் சுற்றி ஐம்பது எட்டு தூரமும் சிவப்பு. பத்து வருடத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லை, படகு இல்லை, தூர்வாரும் இயந்திரம் இல்லை. நேற்று கையெழுத்தாகிவிட்டது.

நான் எழுதிய திட்டங்களிலேயே ஒழுங்கானது இதுதான் என்று மேலதிகாரி சொன்னார். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன்.

இனி நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

திட்டத்தின் பின்னிணைப்புக்காகப் பழைய தாள்கள் எல்லாவற்றையும் கிடங்கிலிருந்து இறக்கினேன். அண்ணன் போன நாளின் தாளும் அதில் இருந்தது. 296க்கு 296. நான் போலீஸ்காரரிடம் காட்டிய அதே தாள், என் விரல் மடித்த மடிப்புகூட இருந்தது. அதற்கு முந்தைய வருடங்களிலும் எல்லா நாளும் சமம்தான். அப்புறம் மறுநாள் தாளை எடுத்தேன். 301க்கு 300. அதற்கடுத்த நாள் ஒன்று குறைவு. அதற்கடுத்த நாளும். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அப்படியேதான்.

தரையில் உட்கார்ந்து தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். சுவர் இடிந்து, ஏறிக் குதிக்கிறவர்கள் இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே. அப்படி இருந்தால் அந்தக் காலத்துத் தாள் எப்படித் தினமும் சமமாக இருக்கும்?

அண்ணி, அந்த 296 நீங்கள் எண்ணியதா, எழுதியதா?


மார்ச் 9

பாப்பாவுக்கு,

எழுதியது.

வாசல் பூட்டும்போது இரண்டு எண்ணியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மணியை மூன்று தரம் அடித்து, காவல்காரரும் நானும் குளம் வரைக்கும் போய்த் தேட வேண்டும். அது விதி. சுவர் இடிந்து கிடந்ததால் தினமும் ஒருவரோ இருவரோ குறைவார்கள். அதற்கெல்லாம் மணி அடித்தால் நாங்கள் வீடு போய்ச் சேர முடியாது. அதனால் மூன்று பேருக்குள் குறைந்தால் சமம் என்று எழுதிவிடுவது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நானும் பதினோரு வருடம் அப்படித்தான் எழுதினேன்.

அன்று காலையில் சண்டை நடந்தது உனக்குத் தெரியும். மதியம் மூன்றரை மணிக்கு என் ஜன்னல் முன்னால் ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது. இடது செருப்பு வார் அறுந்து நான்தான் தைத்துக் கொடுத்திருந்தேன். கறுப்பு நூல் தீர்ந்துபோய்ப் பழுப்பு நூலில் தைத்தது. உன் அண்ணன்தான். நின்றார். நான் தலையைத் தூக்குவேன், ஒரு வார்த்தை சொல்வேன் என்று நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தாரா, இன்னும் சண்டை போட வந்தாரா, எனக்குத் தெரியாது. நான் வலது கையை அமுக்கிவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களைப் போல நீயும் ஒரு எண்தான் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கால்கள் உள்ளே போயின.

கோபம் வந்தால் அவர் குளக்கரையில்தான் போய் உட்காருவார். உனக்கும் தெரியும்.

சாயங்காலம் ஒன்று குறைந்தது. காவல்காரர் "சரியா இருக்காம்மா?" என்றார். "சரியா இருக்கு, பூட்டுங்க" என்றேன். யார் குறைகிறார் என்று தெரிந்தே சொன்னேன் பாப்பா. சுவர் ஏறிக் குதித்து வரட்டும், முழங்கால் சிராய்த்துக்கொண்டு திருடன் மாதிரி வரட்டும் என்று நினைத்தேன். என் ஆசை அவ்வளவுதான். வரவில்லை.

மறுநாள் விடிந்ததும், இனி யாரும் ஏறிப் போகாதபடி சுவர் இடிந்த இடத்தை முள் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டு, குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். நாணல் ஒரு ஆள் அகலத்துக்குச் சாய்ந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. செருப்பு இல்லை, துணி இல்லை. மாடு இறங்கியிருந்தாலும் அப்படித்தான் சாயும். அவர் சுவர் ஏறிப் போயிருக்கலாம், எங்கேயோ இருக்கலாம். இந்தப் பதினோரு வருடமும் அந்த 'இருக்கலாம்' தான் எனக்குச் சோறு.

போலீஸ்காரர் வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ "எங்க அண்ணி கணக்கு தப்பாது" என்றாய். நீ என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை. பயமும்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு தாளையும் நான் திருத்தியதில்லை. முதலில் சில நாள் மணி அடித்துத் தேடினோம், யாரும் இல்லை, அப்புறம் காவல்காரர் மணியைத் தொடவில்லை. தினமும் மூன்றரைக்கு அந்தக் கால்கள் வருகின்றன. பழுப்பு நூல் தெரிகிறது. வெளியே வருவதில்லை. ஒரு தரமாவது குனிந்து முகத்தைப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். வேறு யாராவதாக இருந்துவிட்டால் நான் இத்தனை வருடம் யாரை எண்ணினேன்? அவராகவே இருந்துவிட்டால் நான் என்ன சொல்வேன்?

குளத்தை மூடு என்று உனக்குப் பறவையைக் காட்டினேன். பறவை பொய் இல்லை. ஆனால் என் காரணம் அது இல்லை. அங்கே இயந்திரம் இறங்கினால் என் 'இருக்கலாம்' போய்விடும் என்று பயந்தேன்.

இப்போது நானே சொல்கிறேன். தூர்வாரு.

அண்ணி


மார்ச் 14

உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் மூடச் சொன்னீர்கள், நான் மூடிவிட்டேன். சிவப்புக் கோட்டுக்குள் பத்து வருடத்துக்கு இயந்திரம் இறங்கக் கூடாது என்ற வரியை எழுதியது நான். என் கையெழுத்து இருக்கிறது.

ஒன்பது வருடம் அம்மா தாழ்ப்பாள் போடவில்லை. அதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 26

அண்ணி,

எழுத வேண்டாம் என்று சொன்னவளே எழுதுகிறேன்.

போலீசுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், என் கையெழுத்தைத் தாண்டி நாளைக்கே குளத்தில் இயந்திரம் இறங்கும். மூன்று தரம் எழுதினேன். மூன்றும் மேசை இழுப்பறைக்குள் கிடக்கின்றன. உங்களைக் காப்பாற்றுவதற்காக என்று நினைக்க வேண்டாம். போட்டோவைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருடம் அண்ணனைத் தேடியவள் நான். கடைசியில் யாரோ ஒருவர் இரும்புக் கையால் அள்ளிக் கரையில் கொட்டுவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று நான் பார்க்க மாட்டேன்.

திட்டத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. ஆகாயத்தாமரை குளத்தை அடைத்துவிடும் என்று பறவைக்காரர் சொல்லி நான் சேர்த்தது. 'வருடத்தில் ஒரு நாள், குஞ்சுகள் பறந்த பின், நீர் மிகவும் இறங்கியிருக்கும்போது, இருவர் மட்டும், இயந்திரம் இன்றி, கையால் களை அகற்றலாம்.' எழுதும்போது அது வெறும் களைதான்.

அந்த இருவர் யார் என்று குறிப்பிடும் அதிகாரம் திட்ட அலுவலருக்கு. குறிப்பிட்டுவிட்டேன். மே 17, காலை ஆறு மணி. வாசலில் அன்றைக்கு அளவுக்காரர் உட்காருவார், கேட்டுக்கொண்டேன். முக்காலியை உள்ளே போட்டுக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டார்.

முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுகிற உடையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். காலில் ஒன்றும் வேண்டாம். காலால்தான் தேட வேண்டும்.


மே 20

பாப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாசலில் உன்னைப் பார்த்ததும் அத்தைதான் வந்து நிற்கிறாள் என்று ஒரு நிமிடம் ஏமாந்துவிட்டேன். நீ "போலாமா" என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாய். எனக்கு அது போதும்.

கிழக்கு ஓரம் முழுக்கக் காலால் துழாவிவிட்டோம். கல் தட்டினால் நீ நின்றாய், வேர் தட்டினால் நான் நின்றேன். ஒரு பாட்டில், ஒரு குடைக்கம்பி, பாதி சைக்கிள். ஒவ்வொன்றையும் நீ கையால் துடைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தாயே, அதைப் பார்க்க முடியாமல்தான் நான் தள்ளிப் போனேன். அந்த இடத்தில்தான் சேறு வாங்கிவிட்டது.

இடுப்பு வரைக்கும் போனது. அசைந்தால் இன்னும் கீழே இழுத்தது. நீ நாலு எட்டு தூரத்தில் கழியோடு நின்றாய். "பாப்பா" என்று கூப்பிட்டேன். நீ மரத்திலிருக்கும் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பவும் கூப்பிட்டேன். சேறு விலாவுக்கு வந்தது. உன் அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ, அவரும் யாரையோ கூப்பிட்டிருப்பாரோ, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று ஓடியது. அப்புறம் கழி என் கைக்கு வந்தது.

கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது "காது கேக்கல போல" என்றேன். நீ "ஆமா, பறவைச் சத்தம்" என்றாய். அப்படியே இருக்கட்டும். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

நேற்றும் மூன்றரைக்கு வலது கை அமுங்கியது. தாளில் உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

அண்ணி


மே 28

அண்ணி,

நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன்.

காது கேட்டது. முதல் கூப்பிடுதலே கேட்டது. திரும்பினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துதான் மேலே பார்த்தேன். குஞ்சு பறந்துபோன கூட்டில் ஒரு நாரை சுள்ளியைக் கொத்தி வைத்தது, அது விழுந்தது, திரும்பக் கொத்தி வைத்தது. அதையே பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும், களை எடுக்கப் போனார்கள், சேறு வாங்கிவிட்டது என்று ஊர் நம்பும் என்று என் மனசு எனக்கு எடுத்துச் சொன்னது. அண்ணி, அது கஷ்டமாகவே இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஒருவரைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். உங்களை இத்தனை நாள் ராட்சசி என்று நினைத்திருந்தேன். ராட்சசியெல்லாம் வேண்டாம், வாசலில் உட்கார்ந்திருக்கிற யாரும் செய்யலாம், அதிகாரியும் செய்யலாம்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அம்மாவின் கட்டில் இன்னும் கதவுப் பக்கத்திலேயே கிடக்கிறது, அதை நகர்த்த எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனால் மேசை இழுப்பறையிலிருந்த மூன்று கடிதங்களையும் கிழித்துவிட்டேன்.

கிழக்கு ஓரம் முடிந்தது. வடக்கு, மேற்கு, நடு என்று வரைபடத்தில் பிரித்துப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு நாள் என்றால் திட்டம் முடிவதற்குள் முழுக் குளத்தையும் மிதித்துவிடலாம். உங்களுக்கு அப்போது அறுபத்தைந்து. முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியதும் எழுதுங்கள். கழி போதாது. நல்ல கயிறாக நான் வாங்கி வருகிறேன். ஒரு முனையை உங்கள் இடுப்பில் கட்டுகிறேன், மறுமுனையை என் இடுப்பில் நீங்கள்தான் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டுங்கள்.

பாப்பா